கூப்பிட்டதும் வந்தவரு

நம்ம செட்டுல இன்னும் மிச்சம் கெடக்கிறது நாலு பேரோ அஞ்சு பேரோ. உங்களுக்குச் சொன்னாத்தான் இது வெளங்கும். அந்த வருசத்து மஞ்சு எப்படி எறங்கிக் கெடந்துச்சுன்னு பாத்த கண்ணு நம்ம கண்ணுதான. இப்ப உள்ள புள்ளைகளுக்கு மஞ்சுன்னா போட்டோ புடிக்கிற சங்கதி. கொடைக்கானல் ஏரிய ஒட்டி நின்னுக்கிட்டு வாயத் தொறந்து ஆவி விட்டு வெளையாடுதுக. நமக்கு அப்படியா? மஞ்சு ஏறுதுன்னா மாட்டப் புடிச்சுக் கட்டணும், ஆட்ட எண்ணணும், புள்ளைய எண்ணணும். எண்ணிக்கையில ஒண்ணு கொறஞ்சா ஈரக்கொல நடுங்கும். ஒண்ணு கூடுனா? அதத்தான் சொல்ல வாறேன்.

எனக்கு அப்ப ஒம்பது வயசு இருக்கும். கூடக் கொறைய இருக்கலாம், எழுதி வச்சவுக யாரு. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். பூண்டிக்கு மேல, சோலைய ஒட்டி எங்க வீடு. கெழங்கும் பூடும் போடுவோம். ஆடி மாசம். கெழங்கு தோண்டி முடிச்சு, வெதக்கெழங்கக் கொட்டாயில பரப்பியிருந்தோம். பத்து நாளா வெயிலு மொகம் காட்டல. தீப்பெட்டியெல்லாம் நமுத்துப் போகும். எங்கம்மா தீப்பெட்டிய இடுப்புச் சேலைக்குள்ள சொருகி வச்சு ஒடம்புச் சூட்டுல காப்பாத்தும். கம்பளியில ஒரு வாட அடிக்கும் பாருங்க, நனஞ்ச ஆடும் அடுப்புப் பொகையும் சேந்தாப்புல. அந்த வாட இப்ப எங்கயும் இல்ல. என் பேத்தி வாங்கிக் குடுத்த போர்வைக்கு வாடையே கெடையாது. போத்திக்கிட்டா எவன் வீட்டுலயோ விருந்தாளியாப் படுத்திருக்க மாதிரி இருக்கு.

அந்த ஆடியிலதான் என் தங்கச்சிக்குக் காய்ச்சல். ரெண்டு வயசுப் புள்ள. காலைல விடும், மத்தியானம் கொதிக்கும். கொடைக்கானலுக்குத் தூக்கிட்டுப் போகலாம்னா ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. லாரி போகும், எப்பப் போகும்னு சொல்ல முடியாது.

இங்கன ஒரு பழைய சங்கதியச் சொல்லணும். எங்கப்பாவோட தாத்தாவுக்கு ஒரு தம்பி. தாது வருசப் பஞ்சத்துல பூடு மூட்டையோட கீழ திண்டுக்கல்லுக்கு எறங்குனவரு திரும்பி வரல. காரைக்கால்ல கப்பலேறிட்டாருன்னு ஒரு பேச்சு, வழியிலயே காலராவுல போயிட்டாருன்னு ஒரு பேச்சு. பன்னெண்டு வருசம் பாத்தாக. பெறகு புல்லுல ஒரு ஆளு மாதிரி கட்டி, வேட்டி சுத்தி, அத எரிச்சு, கருமாதி பண்ணிட்டாக. எரிச்ச எடத்துல, எங்க மேக்குக் காட்டு ஓரத்துல, ஒரு கல்ல நட்டாக.

பொணம் பாக்காம கருமாதி பண்ணுன ஆளுக்கு வருசா வருசம் ஆடி அமாவாசை மத்தியானம் எல போடணும். கல்லு முன்னால சோறு படச்சு, வீட்டு ஆம்பள மூணு தடவ சத்தம் போட்டுக் கூப்பிடணும், "சாப்பிட வாங்க"ன்னு. பேரு சொல்லக் கூடாது. மொற சொல்லியும் கூப்பிடக் கூடாது. தாத்தா, அப்பா, அண்ணேன்னு மொற வச்சுக் கூப்பிட்டா, சாப்பிட்டுட்டு நம்ம பின்னாலயே வீட்டுக்கு வந்துருவாக. கூப்பிட்டு முடிச்சதும் எலைக்கு முதுகு காட்டி நிக்கணும். காக்கா கத்துற வரைக்கும் திரும்பக் கூடாது. அம்புட்டுத்தான் வழக்கம்.

இன்னொண்ணு. அந்தப் போனவரு பேரத்தான் எனக்கு வச்சிருந்தாக.

அன்னைக்கு மத்தியானம் நீட்டுன கையில வெரலு தெரியல. அப்பா, சித்தப்பா, ஊருப் பூசாரி, தங்கச்சியத் தோள்ல போட்டுக்கிட்டு அம்மா, நான். அஞ்சு பேரும் கல்லுகிட்ட நிக்கிறோம். கீழ ரோட்டுல ஒரு லாரி வந்து நின்னு, கதவு அடிச்சு, கெளம்பிப் போற சத்தம் கேட்டுச்சு. எல்லாருக்குந்தான் கேட்டுச்சு. பின்னால ஒருத்தர்கூட அத ஒத்துக்கல.

அப்பா மூணு தடவ கூப்பிட்டாரு. திரும்பி நின்னோம்.

காக்கா வரல. அந்த மஞ்சுல காக்காவுக்கே வழி தெரியாது. நின்னோம், நின்னோம். கம்பளி நனஞ்சு கனக்குது. அப்ப எல சரசரன்னுச்சு. நரியா இருக்கும்னு நெனச்சேன். நரி இருமாது. இது இருமுச்சு. பெறகு சோறு பெசையிற சத்தம். உங்களுக்குத் தெரியும்ல, ரசத்த ஊத்திப் பெசஞ்சா ஒரு சளக்கு புளக்குன்னு வருமே, அது. யாரும் திரும்பல. காக்கா கத்தலையே, எப்படித் திரும்புறது? ஒரு எலச் சோத்த ஒரு ஆளு மிச்சமில்லாம தின்னு முடிக்கிற வரைக்கும் முதுகு காட்டிக்கிட்டு நின்னோம்.

நாந்தான் திரும்புனேன்.

கல்லுப் பக்கத்துல எங்கப்பா சம்மணம் போட்டு ஒக்காந்திருக்காரு. எங்கப்பா எம் பக்கத்துலயும் நிக்கிறாரு. அதே மூக்கு, அதே வெடச்ச காது, ஒரு பதினஞ்சு வருசம் கூடுதலா மூப்பு. தலையில ஓலத் தொப்பி, வெள்ளச் சட்ட, பக்கத்துல ஒரு தகரப் பொட்டி. என்னப் பாத்து அப்படி ஒரு சிரிப்பு. எலைய மடிச்சு வச்சுட்டு எந்திரிச்சாரு. நெஞ்சுல கைய வச்சு ஒரு பேரு சொன்னாரு.

அது எம் பேரு.

சித்தப்பா காட்டுக்குள்ள ஓடிட்டாரு. அப்பா ஈர மண்ணுலயே நெடுஞ்சாங்கெடையா விழுந்துட்டாரு. வந்தவரு பதறிப் போயி அப்பாவத் தூக்க வந்தாரு. பூசாரி குறுக்க நின்னு, "தொட விடாதீக!"ன்னு கத்துனாரு.

அன்னைக்கு அடுப்படியில கூடிப் பேசுனாக. பூசாரி சொன்னாரு, "கூப்பிட்டீக, வந்துட்டாரு. இனி போற வரைக்கும் கொறையில்லாமப் பாக்கணும். பேச்சுக் குடுக்கக் கூடாது. வாசப்படி தாண்ட விடக் கூடாது. மொற சொல்லி மட்டும் யாரும் கூப்பிட்டுறாதீக."

நான் சித்தப்பாகிட்டக் கேட்டேன், "ஏன் சித்தப்பா, செத்தவரு எதுக்குப் பொட்டி கொண்டாந்திருக்காரு?"

"ஏலே, வாய மூடு. அது வெறும் பொட்டிலே. இங்கருந்து எதையாச்சும் எடுத்துட்டுப் போறதுக்கு." சொல்லிட்டு தங்கச்சியப் பாத்தாரு. அம்மா புள்ளைய முந்தானையில மூடிக்கிருச்சு.

அவரக் கெழங்குக் கொட்டாயில தங்க வச்சாக. பேரு ஒண்ணா இருக்கிறதால என்ன ஒண்ணும் செய்ய மாட்டாருன்னு, சோறு கொண்டு போற சோலி எனக்கு வந்துச்சு. அந்தக் கொட்டாய நெனச்சாலே இப்பவும் மேலு கூசுது. வெதக்கெழங்கு இருட்டுல மொள விட்டு, வெள்ள வெள்ளையா வெரலு மாதிரி நீட்டிக்கிட்டுக் கெடக்கும். அதுக்கு நடுவுல கம்பளிய விரிச்சு அவரு ஒக்காந்திருந்தாரு. நான் தட்ட வச்சுட்டு வாசல்லயே நின்னேன்.

"நீங்க யாரு?"ன்னேன்.

நெஞ்சுல கைய வச்சு எம் பேரச் சொன்னாரு.

"நீங்க செத்துப் போயிட்டீகளா?"

"ஆமா, ஆமா"ன்னாரு. சிரிக்கிறாரு.

"எங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போக வந்தீகளா?"

"ஆமா."

சொன்ன ஆளு என்னமோ கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி மொகத்த வச்சுக்கிட்டு இருந்தாரு. நான் வீடு வரைக்கும் மூச்சு விடல. அடுப்படியில நின்னு, அவரு சொன்னத அப்படியே எல்லாருக்கும் சொன்னேன். சித்தப்பாவுக்கு மொகம் வெளுத்துருச்சு. "பாத்தீகளா? நான் சொல்லல?"ன்னாரு. அன்னைக்கு நான் சொன்ன வார்த்தையத்தான் இன்னைக்கு வரைக்கும் முழுங்க முடியாமக் கெடக்கேன். அவருக்குத் தெரிஞ்ச தமிழே மொத்தம் ஒரு இருவது வார்த்த. சோறு, தண்ணி, வேப்பில, மத்தளம், மாரியாத்தா, கும்பிடு, ஆமா. எதக் கேட்டாலும் ஆமாதான். அது எனக்கு மறுநாளுதான் புரிஞ்சுச்சு.

மறுநாளு நான் போனப்ப அவரு தரையில வெரலால ஒரு வண்ணத்துப்பூச்சி வரஞ்சு வச்சிருந்தாரு. ரெண்டு எறக்க, நடுவுல ஒடம்பு இருக்கிற எடத்துல ஒரு கோடு. சுத்தியும் கையால அல அலையாக் காட்டுனாரு. தண்ணி. கடலு. அப்ப அது பூச்சி இல்ல, ஊரு. ஒரு எறக்கையில கரும்பு நட்டுக் காமிச்சாரு, பாக்குக் குச்சிய ஒடச்சு வரிசையா சொருகி. சட்டக் கைய மேல ஏத்துனாரு. முழங்கை வரைக்கும் கரும்புத் தோகை கிழிச்ச தழும்பு. இன்னொரு எறக்கையில மண்ணக் குவிச்சு மல கட்டுனாரு. மல உச்சியில வெரலால ஒரு குழி. பெறகு பொட்டியிலருந்து தீப்பெட்டி எடுத்து ஒரு குச்சியக் கிழிச்சு, அணச்சு, அந்தப் பொகைய என் மூக்குகிட்டக் கொண்டாந்து மலையக் காட்டுனாரு. அந்த மலைக்கு அந்த வாடையாம். குழியிலருந்து பொக வருமாம். நான் வெளிய மஞ்சக் காட்டி, எங்க மலையிலயும் வருதுன்னேன். "ஆமா, ஆமா"ன்னாரு. கன்னத்த உப்பி ஊதுனாரு, கரும்புக் குச்சியெல்லாம் சாஞ்சுச்சு. காத்து. பெருங்காத்து. பழையபடி ஒவ்வொண்ணா எடுத்து நட்டு வச்சாரு. அத மட்டும் மூணு தடவ செஞ்சு காட்டுனாரு, ஊதுறதும் நடுறதும்.

ஒரு சின்ன டப்பாவத் தொறந்து மோந்து பாக்கச் சொன்னாரு. கொழம்புப் பொடி. மல்லி, சீரகம், மஞ்சளு, எங்கம்மா வறுக்கிற வாட அப்படியே. செத்தவரு கொழம்புப் பொடி தூக்கிக்கிட்டா அலைவாருன்னு எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு.

சாயந்தரம் வாக்குல அவரு பாடுனாரு. மாரியாத்தா பாட்டு. ஊரே கேட்டுச்சு. மஞ்சுக்குள்ள பாட்டு மட்டும் வருது, ஆளு தெரியல. வார்த்தையெல்லாம் நம்ம வார்த்த, ஆனா மூச்சு விட வேண்டாத எடத்துல மூச்சு விட்டாரு. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம ஒரு மூட்டைய பத்திரமாத் தூக்கிட்டு வாற ஆளு நடக்கிற மாதிரி இருந்துச்சு. பூசாரி எங்க வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. "இந்தப் பாட்ட எங்க அய்யா பாடிக் கேட்டது. அவருக்கப்புறம் பாட ஆளில்ல. இது உசுரோட இருக்கிறவுக பாட்டு இல்லப்பா"ன்னாரு. அன்னைக்கு தங்கச்சிக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு.

மூணாம் நாளு வெள்ளனே கஞ்சி கொண்டுக்கிட்டுப் போனேன். அவரு வாசக் கல்லுல ஒக்காந்து காலுறையக் கழட்டிக்கிட்டு இருந்தாரு. வெள்ளக் காலுறை ரத்தமா இருந்துச்சு. சோலப் பக்கம் ஒதுங்கப் போனவருக்கு கெண்டக் கால்ல நாலு அட்ட. நம்ம ஊரு அட்டையப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா. அவரு பயந்து போயி அதப் புடிச்சு இழுக்குறாரு, இழுத்தா ரத்தம் நிக்குமா? நான் ஓடிப் போயி அடுப்புச் சாம்பல் அள்ளியாந்து வச்சேன். அவரு கால நான் தொட்டேன். சூடா இருந்துச்சு. ரத்தம் என் வெரல்ல பட்டுச்சு, அதுவும் சூடு. அவரு என் தலையில கைய வச்சாரு.

பெறகு தன்னக் காட்டுனாரு, வீட்டுப் பக்கம் எங்கப்பாவக் காட்டுனாரு, ரெண்டு வெரலச் சேத்துக் காட்டுனாரு. என்னப் பாத்தாரு. பதிலுக்குக் காத்திருந்தாரு. நம்மாளு, ஒறமொறன்னு ஒருத்தராச்சும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாகளான்னு அந்தக் கண்ணுல கெடந்துச்சு. மூணு நாளா அவரு மொகத்தப் பாத்து யாரும் ஒரு வார்த்த பேசல. நாந்தான். நானும் பதில் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தாகளே.

வீட்டுக்கு ஓடி அம்மாவத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். "அம்மா, அவருக்கு ரத்தம் வருதும்மா. அட்ட கடிக்குதும்மா. அட்ட பேயக் கடிக்குமா?"

அம்மா கதவுப் பக்கம் பாத்துக்கிருச்சு. "தெரியும்டா"ன்னுச்சு.

"தெரியுமா?"

"நேத்தே சட்டையத் தொவச்சுக் காயப் போட்டிருந்தாரு. செத்தவரு எதுக்குடா தொவைக்கிறாரு?"

"அப்ப அப்பாகிட்டச் சொல்லும்மா."

அம்மா குரலக் கொறச்சுச்சு. "மூஞ்சியப் பாத்தியா? அவரு அந்தக் கப்பலேறுனவரு வம்சம்டா. பேரனா இருக்கும். பேரன் இருக்காருன்னா அவரு அங்கன பொழச்சிருந்திருக்காரு. அப்ப இவுக கருமாதி பண்ணுனது யாருக்கு? போனவருக்கு இங்கன பொஞ்சாதி இருந்துச்சு. எம் புருசன் சாகல, எனக்குத் தெரியும்னு அந்தம்மா தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கத்துச்சாம். நாலு ஆம்பளைக சேந்து புடிச்சு தாலிய அறுத்தாகளாம். சாகுற வரைக்கும் வெள்ளச் சேல. அறுத்தவுகள்ல ஒருத்தரு உங்கப்பாவோட தாத்தா. இத உங்கப்பா ஒத்துக்கணுமா? அதுக்கு வந்தது பேயாவே இருந்துட்டுப் போகட்டும்னு இருக்காரு மனுசன்."

"நீ போயிப் பேசும்மா அவருகிட்ட."

"எனக்கு மச்சாண்டார் மொறடா, உங்கப்பாவுக்கு அண்ணன். மச்சாண்டாருகிட்ட மொகத்துக்கு மொகம் நான் பேசலாமா?" கொட்டாயப் பக்கம் பாத்துச்சு. "உனக்குப் பெரியப்பா"ன்னுச்சு. பெறகு தங்கச்சி நெத்தியத் தொட்டுப் பாத்துச்சு. "நான் நெனைக்கிறது தப்பாப் போயி, இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? வாய மூடிக்க."

எங்கம்மாவ நான் குத்தம் சொல்ல மாட்டேன். மடியில கொதிக்கிற புள்ளைய வச்சிருக்கவ தலையில தர்மத்த ஏத்தக் கூடாது.

நாலாம் நாளு லாரி வருதுன்னு கீழருந்து சேதி வந்துச்சு. அவரு பொட்டியக் கட்டி வாசல்ல வச்சுட்டாரு, கப்பலுக்கோ எதுக்கோ நேரமாயிருச்சு போல. பூசாரி, அவராப் போறதுக்கு முன்னால நாம மொறையா அனுப்பிரணும்னாரு. காலைல பத்து மணி இருக்கும். மஞ்சு மரத்துலருந்து சொட்டுது. மேக்குக் காட்டுல அவரப் பலகையில ஒக்கார வச்சாக. கோடி வேட்டி போத்துனாக. அவரு வேட்டிய ரெண்டு கையாலயும் தடவித் தடவிப் பாக்குறாரு, கண்ணு கலங்குது. ஒவ்வொருத்தராப் போயி வாய்க்கரிசி போட்டாக. நான் சொல்றது புரியுதா? பொணத்துக்குப் போடுற அரிசி. அவரு வாயத் தொறந்து வாங்கிக்கிட்டாரு.

வாங்கி, மென்னாரு.

பச்சரிசிய மெல்லுற சத்தம் கரகரன்னு கேக்குது. அப்பா கையி அந்தரத்துல நிக்குது. அப்பாவுக்கு அப்பத் தெரிஞ்சுபோச்சு, நான் மூஞ்சியப் பாத்தேன். பொணம் மெல்லாதுன்னு யாரு அவருக்குச் சொல்லணும்? ஒரு அடி முன்னால வச்சாரு. வாயி தொறந்துச்சு. அந்நேரம் பாத்து தங்கச்சி வீறிட்டுக் கத்துச்சு. அப்பா வாய மூடிட்டாரு.

கொடம் எந் தோள்ல. வம்சத்து ஆம்பளப் புள்ள, பேரு தாங்குனவன், நாந்தான் ஒடைக்கணும். அவரச் சுத்தி வாறேன். சுத்துக்கு ஒரு ஓட்ட, சித்தப்பா அருவா நுனியால கொத்துறாரு. தண்ணி என் முதுகுல பீச்சுது. ஐஸ் மாதிரி தண்ணி. பெரியப்பான்னு கத்திரணும், கத்திரணும்னு ஒவ்வொரு சுத்துலயும் நெனச்சேன். அவரு என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருக்காரு, ஊர்கோலத்துல சாமியப் பாக்குற மாதிரி. மூணாஞ் சுத்து முடிஞ்சுச்சு. கீழ ரோட்டுல ஹாரன் அடிக்குது. தங்கச்சி கத்துறா. நான் கத்தல. கொடத்தப் பின்னால போட்டேன்.

எல்லாரும் திரும்பிப் பாக்காம வீட்டப் பாத்து நடந்தாக. நான் பாத்தேன். அவரு மண்டி போட்டு, ஒடஞ்ச கொடத்து ஓடெல்லாம் ஒண்ணொண்ணாப் பொறுக்கி, கைக்குட்டையில மண்ணுத் தொடச்சு, பொட்டிக்குள்ள அடுக்கிக்கிட்டு இருந்தாரு.

மறுநாளு வெள்ளனே தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. அதுக்கப்புறம் அட்ட, ரத்தம்னு நான் சொல்லி யாரு கேப்பா?

தை கழிஞ்சு ஒரு நாளு வெயிலு. நல்லா ஞாபகம் இருக்கு, அம்மா கம்பளியெல்லாம் வேலியில போட்டிருந்துச்சு. கொடைக்கானல்லருந்து ஒரு ஜீப்புல வெள்ளக்காரச் சாமியாரு ஒருத்தரு வந்தாரு. நம்ம தமிழ்தான் பேசுவாரு, கொஞ்சம் மூக்கால. அப்பாவப் பாத்ததும் கையப் புடிச்சுக்கிட்டாரு. "மன்னிக்கணும். உங்க அண்ணனை நானே கூட்டிட்டு வர வேண்டியது. எனக்கு அன்னிக்கு நல்ல ஜுரம். லாரியில ஏத்தி விட்டேன். ரொம்ப நல்லா கவனிச்சீங்களாமே!"

சித்தப்பா தூணப் புடிச்சுக்கிட்டாரு.

சாமியாருதான் எல்லாம் சொன்னாரு. அந்த வண்ணத்துப்பூச்சித் தீவு பிரெஞ்சுக்காரங்க கையில இருக்காம். குவாதலூப்பாம், என் வாயில நொழையாது. ஒரு காலத்துல கறுப்பு சனங்கள அடிமையா வச்சு கரும்பு வெட்ட விட்டாகளாம். அடிமைத்தனம் ஒழிஞ்சு அவுக கத்தியக் கீழ போட்டதும், காரைக்கால்லருந்தும் பாண்டிச்சேரியிலருந்தும் நம்மாளுகள ஏத்திட்டுப் போனாகளாம். அஞ்சு வருசம்னு பேச்சு. திரும்பக் கப்பல் ஏத்தணும்னு இருந்தும் நெறையப் பேர ஏத்தவே இல்லியாம். தமிழ்ப் பேச்சு ரெண்டு தலமொறையில அத்துப்போச்சு. பாட்டும், மாரியாத்தாளும், ஆடு வெட்டும், கொழம்பும் நின்னுச்சு. போனவரு பேரத்தான் அங்கன குடும்பத்துக்கே பேரா எழுதிக்கிட்டாகளாம். அதனாலதான் அவரு பேரும் எம் பேரும் ஒண்ணு. கப்பல் காயிதத்துல இருந்த ஊருப் பேர வச்சுத்தான் தேடி வந்தாராம். அவரு எங்கப்பாவோட தாத்தாவுக்குத் தம்பி பேரன். வேற ஒண்ணுமில்ல. அம்மா சொன்னதுதான்.

சாமியாரு, அவரு அனுப்பியிருந்த காயிதத்தப் பிரிச்சு, அவுக பாசையில மனசுக்குள்ள படிச்சு, நமக்குத் தமிழ்ல சொன்னாரு.

"என் தம்பிக்கு. நான் வருகிற நேரம் பார்த்து இலை போட்டு, சத்தமாகக் கூப்பிட்டுக் காத்திருந்தீர்கள். நான் சாப்பிடும்போது யாரும் பார்க்காமல் திரும்பி நின்றீர்கள், அப்படி ஒரு மரியாதையை நான் எங்கும் கண்டதில்லை. எங்கள் தீவில் எங்களை உறவு என்று யாரும் சொல்வதில்லை. கூலி என்றுதான் பேர். நீங்கள் என் காலில் விழுந்தீர்கள். புது வேட்டி போர்த்தினீர்கள். உங்கள் கையால் அரிசி ஊட்டினீர்கள். எங்கள் பெயர் வைத்த பையன் தண்ணீர்க் குடத்தோடு என்னைச் சுற்றி வந்தான். அந்த ஓடுகள் இப்போது எங்கள் மாரியாத்தாள் பக்கத்தில் இருக்கின்றன. என் மகன் அடுத்த மாதம் பாரீசுக்குப் படிக்கப் போகிறான். அவனை அதேபோல வழியனுப்ப ஆசை. குடத்தில் எத்தனை ஓட்டை? எந்தத் தோள்? தப்பில்லாமல் செய்யவேண்டும், எழுதுங்கள். ஒரே ஒரு குறை. நீங்கள் என்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று தெரியாமலே வந்துவிட்டேன். அதையும் எழுதுங்கள்."

சாமியாரு காயிதத்த மடிச்சாரு. பேனாவ எடுத்தாரு. "சொல்லுங்க, நான் எழுதுறேன். அது என்ன சடங்கு?"

அடுப்படியில அம்மா வளையல் சத்தம் நின்னுச்சு. சித்தப்பா, "அப்படி ஒண்ணும் சடங்கு இல்லன்னு எழுதுங்க சாமி"ன்னாரு. அப்பா அவரப் பாத்த பார்வையில அவரு வெளிய போயிட்டாரு.

"அண்ணேன்னு ஆரம்பிங்க சாமி"ன்னாரு அப்பா. "அண்ணே, அண்ணேன்னு ரெண்டு வாட்டி போடுங்க."

சாமியாரு எழுதுனாரு. "அப்புறம்? குடம்?"

நான் வாயத் தொறந்தேன். அப்பா என் தலையில கைய வச்சு அமுக்குனாரு, நோகாம. நெசத்தச் சொல்லிருவாருன்னு பாத்தேன். அண்ணே, உங்களுக்குக் கருமாதி பண்ணிட்டோம், உங்க புள்ளைக்கு அதப் பண்ணிராதீகன்னு சொல்லிருவாருன்னு பாத்தேன். அண்ணேன்னு கூப்பிட்ட வாயி, அதே மூச்சுல இத எப்படிச் சொல்லும்?

"மூணு ஓட்ட"ன்னாரு. "எடது தோளு." நிறுத்துனாரு. "ஆனா கொடத்தப் போட்டதும் எல்லாரும் திரும்பிப் பாக்கணும்னு எழுதுங்க. பாத்து, மொற சொல்லிக் கூப்பிடணும். மகனே, தம்பி, அண்ணேன்னு, அவுக அவுக மொற. போறவன் என்னன்னு பதில் குடுக்கணும். பதில் குடுக்காமப் போக விடக் கூடாதுன்னு நல்லா அழுத்தி எழுதுங்க."

சாமியாரு பேனாவ நிறுத்திட்டு அப்பாவப் பாத்தாரு. இந்த மலையில எத்தனையோ சாவுக்கு வந்து நின்னவரு அவரு. "இது உங்க வழக்கமா?"ன்னு கேட்டாரு.

"எழுதுங்க சாமி"ன்னாரு அப்பா.

எழுதுனாரு. அம்மா உள்ளருந்து, "கொழந்த நல்லாருக்குன்னும் போடச் சொல்லுங்க"ன்னுச்சு. அதையும் எழுதுனாரு.

பதில் வரல. அந்தச் சாமியாரையும் வேற ஊருக்கு மாத்திட்டாக. அடுத்த ஆடிக்கு அப்பா எல போடல. கேட்டதுக்கு, "அண்ணன் அங்கன நல்லாத்தான இருக்காரு"ன்னாரு. தங்கச்சி பேரன் பேத்தி எடுத்துட்டா, வத்தலக்குண்டுல இருக்கா.

இப்ப என் பேரன் கொடைக்கானல்ல டாக்ஸி ஓட்டுறான். வெளிநாட்டுக்காரங்க ஏறுனா, அந்தத் தீவான்னு கேளுலேன்னு சொல்லி வச்சிருக்கேன். கேட்டுட்டு வந்து, இல்ல தாத்தாம்பான். அவனுக்கு நான் எதுக்குக் கேக்குறேன்னு தெரியாது. உங்ககிட்டத்தான் சொல்றேன். கடுதாசி அந்த மாசத்துக்குள்ள போயிச் சேந்துச்சா, இல்ல நாங்க அவருக்குப் பண்ணுனதப் பாத்தபடியே, யாரும் திரும்பாம, மகனுக்குக் கொடத்த ஒடச்சுட்டாகளா? பாரீசுக்குப் போன அந்தப் பையன் திரும்பி வந்தானா? எனக்கு அண்ணனோ தம்பியோ ஆகணும் அவன். எந்த மொறன்னுகூடத் தெரியல.